மழைக்காலமும் மிதிவண்டியும்

நம் புறநகர்ப் பங்குகளில் அக்டோபர் மாதம் இரண்டு காரியங்கள் சேர்ந்தே வருகின்றன. ஒன்று, மாலை நேரத்தில் ஆலயத்தில் நடைபெறும் செபமாலை. மற்றொன்று, இரண்டாம் தேவ இரகசியமோ மூன்றாம் தேவ இரகசியமோ சொல்லிக்கொண்டிருக்கையில் கூரைமேல் இரைந்து விழும் மழை. செபமாலை முடிந்து பார்த்தால் தாழ்வாரத்தில் மிதிவண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நனைந்துகொண்டிருக்கும். தலையில் முக்காட்டோடு தாய்மார் தயங்கி நிற்பர். பிள்ளைகளோ தயங்குவதில்லை, பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வண்டியில் ஏறிப் பறந்துவிடுவார்கள்.

இருசக்கர மோட்டார் வண்டிகள் பெருகிவிட்ட இந்நாளில் மிதிவண்டியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர் சிலர் எண்ணக்கூடும். பங்கு வீடுகளைச் சந்திக்கச் செல்லும் என் போன்றோர்க்கு உண்மை நிலை தெரியும். தொழிற்பேட்டைக்கு இரண்டாம் ஷிப்டுக்குச் செல்லும் தந்தை, வீட்டு வேலைக்குச் செல்லும் தாய், பால் பாக்கெட்டும் செய்தித்தாளும் போடும் இளைஞன், பள்ளிக்குச் செல்லும் மாணவி ஆகிய பலர் இன்றும் மிதிவண்டியையே நம்பியிருக்கின்றனர். தமிழக அரசு 2001-2002 கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கிப் பின்னர் அத்திட்டத்தை விரிவாக்கியது. அவ்வாறு பெற்ற வண்டியை அக்காள் ஓட்டி, பின்பு தம்பி ஓட்டி, அதன்பின் தந்தை ஓட்டுகின்ற வீடுகள் நம் பங்குகளில் உண்டு.

நமது பகுதிக்கும் மிதிவண்டிக்கும் உள்ள உறவு பழையது. 1949ஆம் ஆண்டில் முருகப்பா குழுமத்தாரும் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தாரும் கூடி டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தை ஏற்படுத்தினர். வயலும் ஏரியுமாக இருந்த அம்பத்தூரிலிருந்து 1951 முதல் ஹெர்குலிஸ் வண்டிகள் புறப்பட்டு நாடெங்கும் சென்றன. அம்பத்தூரிலுள்ள சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு மருத்துவமனைக்கு அப்பெயர் எப்படி வந்தது என்று பலர் கேட்பதுண்டு. அவர் அந்த ஆங்கில நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தபின், ஆலைச் சங்கு ஒலித்ததும் சாலை முழுவதும் மிதிவண்டிகளே நிறைந்து ஓடிய காட்சியை மூத்தவர்கள் இன்றும் சொல்லி மகிழ்கின்றனர்.

நான் இதை எழுதக் காரணம் வேறு. சில ஆண்டுகளுக்கு முன் நவம்பர் மாதத்தில் ஒரு நாள், பீடப் பணி செய்யும் சிறுவன் ஒருவன் காலைத் திருப்பலிக்குக் கால்மணி நேரம் தாமதமாக வந்தான். வயது 12. சட்டையில் நீர் சொட்ட, சக்ரீஸ்து அறை வாயிலில் நின்றான். நான் அவனைக் கடிந்துகொண்டேன். "மழை இன்றைக்குத்தானா பெய்கிறது? முன்கூட்டியே புறப்படத் தெரியாதா?" என்று கேட்டதாக நினைவு. மறுநாளும் மழை. அன்று அவன் வரவேயில்லை. திருப்பலி முடிந்து காப்பி அருந்தும்போது செய்தி வந்தது. ஆவடிச் சாலையின் திருப்பத்தில் முன்னே சென்ற ஆட்டோ திடீரென நிற்க, பையன் பிரேக்கைப் பிடித்திருக்கிறான். வண்டி நிற்கவில்லை. ஆட்டோவில் மோதிச் சாலை நடுவே விழுந்தான். பின்னால் வந்த லாரியின் ஓட்டுநர் எப்படியோ நிறுத்திவிட்டார். சக்கரத்துக்கும் பையனுக்கும் இடையே ஒரு முழ தூரம் இருந்ததாகக் கண்டவர்கள் சொன்னார்கள்.

மணிக்கட்டு எலும்பு முறிந்ததோடு போயிற்று. மருத்துவமனையில் அவன் தாயாரைச் சந்தித்தேன். என்னைக் குறைகூறும் எண்ணம் அந்த அம்மையாருக்குச் சிறிதும் இல்லை. "நேரமாயிடுச்சு, சாமி கோவிச்சுக்குவாருன்னு சொல்லிக்கிட்டே ஓடினான் சாமி" என்று மட்டுமே சொன்னார். அந்தச் சொல் என்னை இன்றுவரை விடவில்லை.

அன்று மாலை அந்த வண்டியை நானே தள்ளிக்கொண்டு, நம் தெருக்கோடியில் சைக்கிள் கடை வைத்திருந்த பாயிடம் கொண்டுபோனேன். அது தந்தையின் பழைய வண்டி. இரும்பு ரிம்மும், கம்பிகளால் இழுக்கப்படும் பிரேக்கும் கொண்டது. பாய் குனிந்து பார்த்துவிட்டு, "கட்டை எங்கே ஃபாதர் இருக்கு? தகரம்தான் இருக்கு" என்றார். பிரேக் கட்டையின் ரப்பர் முற்றிலும் தேய்ந்து, அதைப் பிடித்திருக்கும் உலோகமே ரிம்மில் உரசிக்கொண்டிருந்தது. அவர் புதுக் கட்டைகள் மாட்டினார். பின்பு என்னை நிற்கச் சொல்லி ஒரு வித்தை காட்டினார். முன்சக்கரத்தைத் தூக்கி வேகமாகச் சுழற்றிப் பிரேக்கைப் பிடித்தார். சக்கரம் உடனே நின்றது. அடுத்து ஒரு குவளைத் தண்ணீரை ரிம்மில் ஊற்றி அதேபோலச் சுழற்றி, அதே அழுத்தத்தில் பிடித்தார். சக்கரம் நிற்காமல் சுற்றிக்கொண்டே போய், பிறகுதான் மெல்ல நின்றது. புதுக் கட்டைக்கே இந்தக் கதி.

குருமடத்தில் தத்துவமும் இறையியலும் கற்ற எனக்கு, 50 வயதை நெருங்கும்போதுதான் இந்த எளிய பௌதிகம் தெரியவந்தது. பளபளப்பான குரோம் பூச்சுள்ள இரும்பு ரிம் நனைந்தவுடன் ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவே நீர் ஒரு மெல்லிய ஏடாகப் படிந்துவிடுகிறது. அந்த ஏட்டைத் துடைத்து எடுக்கும்வரை கட்டை பற்றுவதில்லை. அதற்குச் சக்கரம் சில சுற்றுகள் சுற்றியாக வேண்டும். அந்தச் சுற்றுகளுக்குள் வண்டி எத்தனையோ அடி முன்னே போய்விடும். அலுமினிய ரிம் உள்ள புதிய வண்டிகள் மழையில் இரும்பு ரிம்மைவிட நன்றாக நிற்கும். ஆனாலும் காய்ந்த நாளில் நிற்பதுபோல அவையும் நிற்பதில்லை.

ஆகவே மழையில் வண்டி ஓட்டுபவர் செய்யவேண்டிய முதற்காரியம் இது: நிறுத்தவேண்டிய இடத்துக்கு வெகு முன்பே பிரேக்கை மெல்லத் தொட்டு, ரிம்மைத் துடைக்கவிட வேண்டும். பின் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். பின்சக்கரப் பிரேக்கை முதலிலும் முன்சக்கரப் பிரேக்கை அதனுடன் மிதமாகவும் பிடிப்பது நல்லது. ஈரத்தில் முன்பிரேக்கைத் திடீரெனப் பிடித்தால் முன்சக்கரம் வழுக்கும். முன்சக்கரம் வழுக்கினால் விழாமல் தப்புவது அரிது. திருப்பத்தில் பிரேக் பிடிக்கக் கூடாது. திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வண்டியை அதிகம் சாய்க்காமல் திரும்ப வேண்டும். முன்னே செல்லும் வண்டிக்கும் நமக்கும் உள்ள இடைவெளியை வழக்கத்தைப்போல் இரண்டு மூன்று பங்காக்கிக்கொள்ள வேண்டும். என் பீடச் சிறுவனுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லவேண்டிய பெரியவர்கள் நாங்கள் அவனை விரைந்து வரச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மழை பெய்யத் தொடங்கிய முதல் கால்மணி நேரமே மிகவும் வழுக்கும் நேரம் என்பதையும் பாய்தான் சொன்னார். லாரிகளும் பேருந்துகளும் சாலையில் சிந்திய எண்ணெய், தூசியோடு கலந்து முதல் தூறலில் மேலே மிதந்து பசைபோலாகிவிடுகிறது. பலத்த மழை பெய்து அது கழுவப்பட்ட பின் சாலை சற்று மேம்படும். தூறல் ஆரம்பித்ததும் நனைவதற்கு முன் வீடு சேரவேண்டும் என்று விரைகிறோம் அல்லவா? விரையக் கூடாத நேரம் அதுவே.

சாலைக் கோடுகளின் வெள்ளைப் பூச்சு, பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடி, உதிர்ந்து நனைந்த இலைகள், சாணம், இருப்புப்பாதைத் தண்டவாளம் ஆகியவை ஈரத்தில் கண்ணாடிபோல் வழுக்கும். ரயில்வே கேட்டுகளைக் கடக்கும்போது தண்டவாளத்தை நேர்குறுக்காகக் கடக்க வேண்டும். சாய்வாகக் கடந்தால் சக்கரம் இடுக்கில் சிக்கிக்கொள்ளும். பின்னால் பிள்ளையையோ அரிசி மூட்டையையோ வைத்திருப்போர் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே முறை.

தேங்கிய நீரைப் பற்றி நம் பகுதியினருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 140 செ.மீ.; அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தின் மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. 2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் மட்டும் 47 செ.மீ. பெய்தது, அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டதையும், அடையாற்றங்கரை பட்ட பாட்டையும் யார் மறப்பார்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் கொரட்டூரிலும் நீர் புகுந்து பல நாட்கள் நின்றது. இவை ஏரிகள் சூழ்ந்த ஊர்கள். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி என்று நீர் தனக்குரிய பள்ளத்தைத் தேடுகிறது; அந்தப் பள்ளத்தில்தான் நாம் மனை வாங்கி வீடு கட்டியிருக்கிறோம்.

ஆதலால், அடி தெரியாத நீரில் வண்டியை விடவே கூடாது. நேற்றுவரை சமதளமாக இருந்த சாலையில் இன்று மழைநீர் வடிகாலுக்கென வெட்டிய பள்ளம் இருக்கலாம். மூடி அகன்ற சாக்கடைக் குழி இருக்கலாம். நீர் மேற்பரப்பு எல்லாவற்றையும் ஒன்றாகவே காட்டும். மற்றவர் நடந்து செல்லும் தடத்தைப் பார்த்து, வண்டியை முன்னே தள்ளிக்கொண்டு, அதன் சக்கரத்தையே ஊன்றுகோலாகக் கொண்டு நடக்கலாம். நீர் ஓடிக்கொண்டிருந்தாலோ, முழங்காலுக்கு மேல் இருந்தாலோ திரும்பிவிட வேண்டும். அறுந்து கிடக்கும் மின்கம்பியும், நீரில் நிற்கும் மின் பெட்டியும் கண்ணில் பட்டால் அந்தத் தெருவில் காலே வைக்கக் கூடாது. மின்வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தேங்கிய நீரில் நடந்து வீடு திரும்பியதும் காலைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். காலில் சிராய்ப்பு இருந்தால் எலிக்காய்ச்சல் அந்த வழியே நுழையும். மழைக்குப் பின் காய்ச்சல் வந்தால், நீரில் நடந்ததை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

தாய்மாருக்கும் பெண் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஒரு கையில் குடையும் மறு கையில் ஹாண்டில்பாருமாகச் செல்வது நம் ஊரில் சாதாரணக் காட்சி. இருக்கின்ற பிரேக்கில் பாதியை அப்போதே இழந்துவிடுகிறோம். காற்று குடையைப் பிடித்திழுத்தால் மீதியும் போயிற்று. மழைக்கோட்டு அணியுங்கள். அதுவும் நீண்டு தொங்கிச் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளாதவாறு இருக்கட்டும். புடவை முந்தானையையும் துப்பட்டாவையும் இடுப்பில் இறுகச் செருகிக்கொள்ளுங்கள். தலைக்கவசம் மோட்டார் வண்டிக்கு மட்டும் உரியதன்று. மிதிவண்டி ஓட்டுபவர்க்கென்றே இலேசான கவசங்கள் உண்டு.

என் தந்தையார் காலத்தில் விளக்கில்லாமல் மிதிவண்டி ஓட்டினால் காவலர் பிடித்துக்கொள்வார். மண்ணெண்ணெய் விளக்கையாவது தொங்கவிட்டுச் செல்வார்கள். இன்று யாரும் கேட்பதில்லை. டயரோடு உரசிச் சுழலும் டைனமோ ஈரத்தில் வழுக்கி, விளக்கு மங்கிவிடும். ஆகையால் மழைக்காலத்துக்கு மின்கலத்தால் எரியும் விளக்கு நல்லது. முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு. பின் மட்கார்டில் ஒளி திருப்பும் சிவப்பு வில்லையைத் துடைத்து வையுங்கள். சேறு படிந்த வில்லை இருந்தும் இல்லாததே. வெளிர்நிறச் சட்டையோ மழைக்கோட்டோ அணிந்தால், மழைத்திரைக்கு அப்பால் வரும் பேருந்து ஓட்டுநரின் கண்ணுக்கு நாம் தெரிவோம்.

இனி வண்டியின் பராமரிப்பு. செப்டம்பர் முடிவதற்குள் ஒரு முறை முழுமையாக ஓவராயில் செய்துவிடுவது சிக்கனம். ஹப், பெடல் அச்சு, ஹாண்டில் கழுத்து ஆகிய இடங்களில் உள்ள பால்ஸ்களைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிப் புதிய கிரீஸ் வைப்பார்கள். கிரீஸ்தான் நீரை உள்ளே விடாத காவலன். சக்கரத்தில் கோட்டம் இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும்; கோணலாக ஓடும் ரிம்மைக் கட்டை சரியாகப் பற்றாது. தேய்ந்த டயரையும் பாருங்கள். மழைக்காலத்தில் பஞ்சர் மிகுதியாவது கற்பனையன்று. ஈரமான ரப்பரைக் கண்ணாடிச் சில்லு எளிதாக ஊடுருவும்.

நனைந்து வீடு வந்ததும் வண்டியை அப்படியே சுவரில் சாய்த்துவிடுகிறோம். ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிச் சேற்றைக் கழுவி, பழந்துணியால் துடையுங்கள். ரிம்மையும் பிரேக் கட்டையையும் தனியே துடையுங்கள். கட்டையில் பதிந்திருக்கும் மணல் ரிம்மை அரம்போல் அராவிவிடும். செயின் ஈரம் உலர்ந்தபின், ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுழற்றி, மேலே வழியும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். சமையலறைத் தேங்காய் எண்ணெய் இதற்கு உதவாது. அது நாளடைவில் பிசுக்காகி மண்ணைச் சேர்க்கும். தையல் இயந்திர எண்ணெய் செயினுக்கு மிக மெல்லியது, மழையில் கழுவிப்போய்விடும். கடையில் மிதிவண்டிக்கென்றே கேட்டு வாங்குங்கள். ஒரு எச்சரிக்கை: ஆர்வத்தில் ரிம்மின்மேல் எண்ணெய் தடவிவிடாதீர்கள். துரு பிடிக்கக் கூடாதென்று அவ்வாறு செய்து, மறுநாள் பிரேக்கே இல்லாமல் போன நல்ல மனிதர் ஒருவரை நான் அறிவேன்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைத் துடைத்துவிட்டு ஓட்டத் தொடங்குவது பெருந்தவறு. அச்சுகளுக்குள் சேற்றுநீர் புகுந்திருக்கும். எல்லாவற்றையும் பிரித்துக் கழுவாவிட்டால் சில வாரங்களில் பால்ஸ் துருவேறி உடையும். சட்டத்தின் குழாய்க்குள்ளும் நீர் தங்கும். சீட்டைக் கழற்றிவிட்டு வண்டியைத் தலைகீழாக நிறுத்தி நீரை வடிய விடுங்கள். துரு உள்ளிருந்தே தின்னுவது வெளியே தெரியாது.

இந்தக் குழாய் என்றதும் ஒரு நினைவு. இத்தாலி நாட்டு மிதிவண்டி வீரர் ஜீனோ பார்த்தலி ஆழ்ந்த கத்தோலிக்கர். 1938லும் 1948லும் பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் பெரும் பந்தயத்தில் வென்றவர். 1943-44இல், வேட்டையாடப்பட்ட யூதர்களைக் காப்பாற்றுவதற்கான போலி அடையாளத் தாள்களைத் தம் வண்டியின் குழாய்க்குள் சுருட்டி வைத்து, பயிற்சிக்குச் செல்பவர்போல் பிளாரன்சுக்கும் அசிசிக்கும் இடையே ஓட்டிச் சென்றார். வாழ்நாளில் அதைப் பெருமையாகப் பேசிக்கொண்டதில்லை. 2013இல்தான் இஸ்ரேலின் யாத் வாஷெம் நிறுவனம் அவரை அறிவித்துச் சிறப்பித்தது. கோமோ ஏரிக்கு அருகே மலைமேல் உள்ள கிசல்லோ அன்னையின் சிற்றாலயத்தில் அவருடைய மிதிவண்டியும் வைக்கப்பட்டுள்ளது. திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் அந்த அன்னையை மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்த நாள் 1949 அக்டோபர் 13. அம்பத்தூரின் தொழிற்சாலைக்கு வித்திட்ட அதே ஆண்டு! அன்னையின் சிறு படம் ஒன்றை எங்கள் மிதிவண்டிக் கொட்டகையில் மாட்டியுள்ளோம். படத்தின் கீழே பிரேக் கட்டைகள் நிறைந்த டப்பா ஒன்றும் இருக்கிறது.

அந்தச் சிறுவன் ஆறு வாரங்களில் கட்டுப் பிரித்து, கிறிஸ்து பிறப்பு விழாத் திருப்பலிக்கு மணியடித்தான். அதன்பின் எங்கள் பங்கில் ஓர் ஏற்பாடு நிலவுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் முடிய, காலையில் மழை பெய்தால் பீடச் சிறுவர் வரவேண்டியதில்லை. வருபவர் எப்போது வந்தாலும் வரலாம். மெழுகுவர்த்தியை நான் ஏற்றிக்கொள்வேன். மறைக்கல்வி ஆசிரியர்களும் மழை நாளில் வருகைப் பதிவை இறுதியில்தான் எடுக்கின்றனர். பள்ளித் தலைமையாசிரியர்களும், பட்டறைகளில் மேற்பார்வையாளராக உள்ள நம் பங்கு மக்களும் இதுபோல் ஒரு கால்மணி நேரத்தை விட்டுக்கொடுக்க இயலுமா என்று எண்ணிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அடைமழையில் முன் வாயிலில் கடிகாரத்தோடு நாம் நிற்பது, எங்கோ ஒரு திருப்பத்தில் ஒரு பிள்ளையின் கால்களை வேகமாக மிதிக்க வைக்கிறது.

பாய் இப்போது முதுமை எய்திக் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டார். எனினும் ஆண்டுதோறும் செப்டம்பர் இறுதி ஞாயிறன்று, இரண்டாம் திருப்பலிக்குப் பின், இருவரும் நம் ஆலய வளாகத்துப் பூவரச மரத்தடியில் வந்து அமர்கின்றனர். எந்த மதத்தினர் வண்டியையும் பார்ப்பார்கள். கட்டையின் விலையைப் பங்கு ஏற்றுக்கொள்கிறது. கைக்கூலி வாங்க அவர்கள் மறுக்கிறார்கள். முழுச் செயின் கவர் உள்ள வண்டிகளைக் கொண்டுவருவோர் மட்டும் சற்று முன்னதாக வருவது நல்லது. அதைக் கழற்றி மாட்டுவது நேரம் பிடிக்கும் வேலை.